பழைய விளையாட்டுப் பொருள்களைச் சிறு பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது: பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பழைய விளையாட்டுப் பொருள்களைக் காட்டிப் பழக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். பாலர்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து இங்கே பதில் எழுதியுள்ளேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே கருத்துதான் இருக்கிறது. பொருள் முதலில் பிள்ளையின் கைக்குப் போக வேண்டும். அதை வைத்து விளையாடிய பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். விளக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு 'அந்தக் காலம்' என்றால் புரியுமா?

ஆண்டுக் கணக்கில் சொன்னால் புரியாது. நேற்று நடந்ததையும் போன தீபாவளிக்கு நடந்ததையும் 'நேத்து' என்றே சொல்லும் வயது அது. அந்தப் பிள்ளையிடம் 1960-ஆம் ஆண்டு என்று சொல்வதும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று சொல்வதும் ஒன்றுதான். ஆனால், 'பாட்டி உன்னைப் போலச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது' என்று தொடங்கிப் பாருங்கள். பாட்டி ஒரு காலத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தார் என்பதே அந்த வயதில் நம்ப முடியாத பெரிய செய்தி. அதை நம்புவதற்குப் பிள்ளை எடுத்துக்கொள்ளும் அந்த நேரத்தில்தான் வரலாற்றுக் கல்வி தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன்.

ஆகவே காலத்தை ஆட்களைக் கொண்டே அளக்கப் பழக்குங்கள். நீ, அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று நான்கு படிகள் போதும். ஐந்து வயதுக்கு மேல் ஒரு கொடிக்கயிறு கட்டி, நால்வரின் படங்களையும் துணிக் கிளிப்பால் மாட்டி, ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே அவர் விளையாடிய பொருளையோ அதன் வரைபடத்தையோ தொங்கவிடலாம். படம் கிடைக்காத கொள்ளுப்பாட்டிக்குப் பிள்ளையே ஒரு முகம் வரைந்து மாட்டட்டும்.

எங்கள் வீட்டில் பழைய பொருள் எதுவும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

உங்கள் பணப்பையிலிருந்து தொடங்குங்கள். 1989-இல் வெளிவந்த மலேசிய நாணய வரிசையில் 5 காசில் பம்பரமும், 10 காசில் பல்லாங்குழி போன்ற மலாய் ஆட்டமான சொங்காக்கின் பலகையும், 50 காசில் வாவ் பட்டமும் பொறிக்கப்பட்டுள்ளன. 2012-இல் புதிய வரிசை வந்துவிட்டாலும் பழைய நாணயங்கள் இன்றும் செல்லுபடியாகின்றன. கடையில் தரும் சில்லறையில் அவ்வப்போது கையில் சிக்குகின்றன. மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டால் 65 காசில் ஒரு சிறிய காட்சிக்கூடம் அமைந்துவிடும்.

நாணயத்தை மேசையில் வைத்து, மேலே மெல்லிய தாளை விரித்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். முதலில் வட்டத்தின் விளிம்பு தெரியும். பிறகு கோடுகள் ஒன்றொன்றாக மேலெழும். 'இது என்ன?' என்று பிள்ளை தானாகக் கேட்கும் வரை நீங்கள் வாய் திறக்க வேண்டாம். கேட்ட பிறகு உண்மையான பம்பரத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள். நாணயம் வாய்க்குள் போய்விடும் வயதென்றால் நீங்களே தேய்த்துக் காட்டி, உடனே எடுத்து வைத்துவிடுங்கள். முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த எங்கள் தாத்தா பாட்டி என்ன வைத்து விளையாடினார்கள்? அதை இன்று எப்படிக் காட்டுவது?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. விடியும் முன்னே பெற்றோர் பிரட்டு என்னும் வேலையாள் கணக்கெடுப்புக்குப் போய்விட, சின்னப் பிள்ளைகள் ஆயாக் கொட்டகையிலும் சற்றுப் பெரிய பிள்ளைகள் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலிலும் வளர்ந்த காலம் அது. கடையில் வாங்கிய பொம்மை தைப்பூசத்துக்கோ தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கோ கிடைத்தால் உண்டு. மற்ற நாள்களில் கண்ணில் பட்டதெல்லாம் விளையாட்டுப் பொருளாயிற்று.

முதலில் பால்மரக் கொட்டை, அதாவது ரப்பர் மரக் கொட்டை. பால்மரத்தின் காய் முற்றியதும் வெயிலில் பட்டென்று வெடித்து, பழுப்பும் சாம்பலும் கலந்த புள்ளிகளோடு பளபளக்கும் கொட்டைகளைச் சிதறடிக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கொட்டைகளை வைத்துக் கையால் அழுத்தி அல்லது குத்தி, யாருடையது உடையாமல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு கொட்டையும் வேறு வேறு கோலம் போட்டதுபோல் இருப்பதால், சிறு பிள்ளைகளுக்கு உடைக்கும் போட்டியைவிட, ஒரே மாதிரிப் புள்ளியுள்ள இரண்டைத் தேடிச் சேர்ப்பதே பிடிக்கிறது. கெடாவிலோ செபராங் பிறையிலோ பால்மரம் உள்ள ஊரில் உறவினர் இருந்தால் ஒரு பை கேட்டு வாங்கி வாருங்கள். இக்கொட்டையின் பருப்பைப் பச்சையாகத் தின்றால் உடம்புக்குள் சயனைடு நஞ்சு உண்டாகும். ஆதலால் ஓடு உடைந்தவற்றை உடனே அப்புறப்படுத்திவிட வேண்டும்.

அடுத்தது பாக்கு மட்டை. மரத்திலிருந்து விழுந்த மட்டையின் அகன்ற அடிப்பகுதியில் ஒரு பிள்ளை உட்கார, ஓலைப் பக்கத்தை மற்றொரு பிள்ளை பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவது. மலாய்க் கிராமங்களிலும் தமிழர் லயங்களிலும் இது ஒன்றுபோல் நடந்தது. புல்தரையில் இன்றும் செய்யலாம், எந்தச் செலவும் இல்லை. இழுப்பவர் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் வேகத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பால் டின். கெட்டிப்பால் டின் இரண்டை எடுத்து அடியில் துளையிட்டு, நூலைக் கோத்து முடிச்சிட்டால் தொலைபேசி. நூல் தளர்ந்திருந்தால் எதுவும் கேட்காது. விறைப்பாக இழுத்துப் பிடித்தால், பேச்சின் அதிர்வு நூல்வழியே ஓடி அந்தப் பக்கத்து டின்னின் அடித்தகட்டை அதிரச் செய்யும். 'நூலை ஏன் இழுத்துப் பிடிக்கணும்?' என்று ஒரு பிள்ளை கேட்டால், அதன் விரலை நூலின்மேல் மெல்ல வைத்துக்கொண்டு மறுமுனையில் பேசுங்கள். விரலில் உணரும் அந்தக் குறுகுறுப்பே விடை. டின்னின் வெட்டு விளிம்பு கத்தியைப் போன்றது. இன்றைய பிள்ளைகளுக்குக் காகிதக் கோப்பையே போதும்.

தென்னையோலையை மறந்துவிடாதீர்கள். காற்றாடி, பாம்பு, பீப்பி, கைக்கடிகாரம் என்று ஓலையில் செய்தவற்றைப் பாட்டிமார் சொல்லக் கேட்டால் ஒரு நாள் போதாது. அவர்களுடைய விரல்களுக்கு அது இன்னும் மறக்கவில்லை என்பதையும் காண்பீர்கள்.

பல்லாங்குழியும் சொங்காக்கும் ஒன்றுதானா? எதைச் சொல்லிக் கொடுக்கலாம்?

ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; ஆனால் ஒன்றல்ல. நம்முடைய பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள். சொங்காக்கிலும் பெரும்பாலும் அவ்வாறே. கூடுதலாக இரு ஓரங்களிலும் 'வீடு' எனப்படும் பெரிய குழி ஒவ்வொன்று உண்டு. சொங்காக்கில் குழிக்கு ஏழு காய் வீதம் 98 காய்களோடு தொடங்குவது வழக்கம். பல்லாங்குழியில் எத்தனை காய் என்பது வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறும். ஆட்டத்திலும் வேறுபாடு உண்டு. சொங்காக்கில் கடைசிக் காய் விழுந்த குழியில் ஏற்கெனவே காய்கள் இருந்தால் அவற்றையே அள்ளித் தொடர்வார்கள். பல்லாங்குழியிலோ, கடைசிக் காய் விழுந்த குழிக்கு அடுத்த குழியை அள்ளித் தொடர்வார்கள். அடுத்தது காலியாக இருந்தால், அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்வார்கள். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு.

நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த விதிகள் எதுவும் தேவையில்லை. குழிக்கு ஒன்றாகக் காய் போட்டுக்கொண்டே போவது மட்டும் போதும். அதுவே எண்ணிக்கைப் பயிற்சி, விரல் பயிற்சி, பொறுமைப் பயிற்சி எல்லாம். ஐந்து வயதில் குழிக்கு மூன்று காய் வைத்து ஆடத் தொடங்கலாம். முழு விதிகளோடு ஆடுவது ஏழு வயதுக்கு மேல்.

இரண்டையும் கற்றுக் கொடுங்கள் என்பதே என் பரிந்துரை. பல்லாங்குழி பாட்டியோடு ஆட. சொங்காக் பக்கத்து வீட்டு மலாய்த் தோழியோடு ஆட. அஞ்சாங்கல்லும் அப்படித்தான். நம் பாட்டிமார் கூழாங்கல்லை வைத்து ஆடியதை, மலாய்ப் பிள்ளைகள் அரிசியோ பயறோ நிரப்பித் தைத்த சிறு துணிப்பைகளால் 'பத்து செரம்பான்' என்று ஆடுகிறார்கள். சிறு கைகளுக்குக் கல்லைவிடத் துணிப்பையே ஏற்றது. மேலே எறிந்தது விரலில் விழுந்தாலும் வலிக்காது. தமிழர், மலாய்க்காரர், சீனர் பிள்ளைகள் கலந்து படிக்கும் வகுப்பில் பழைய விளையாட்டை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்கள் கேட்கும்போதெல்லாம் இந்த ஐந்து துணிப்பைகளைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

பல்லாங்குழிக்குச் சிவப்பு விதைகளைப் பொறுக்கி வந்தோம். அவை நஞ்சா?

இந்தக் கேள்வியைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் நிற்கும் சாகா மரத்தின் அடியில் கிடப்பவை முழுவதும் சிவப்பான, சற்றுத் தட்டையான விதைகள். தமிழில் மஞ்சாடி அல்லது ஆனைக்குன்றிமணி என்பார்கள். காலங்காலமாகப் பல்லாங்குழிக்குப் பயன்பட்டவை இவையே. வாயில் போடாத பிள்ளைகளின் கையில், பெரியவர் பார்வையில் தரலாம்.

சிவப்பில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் அது குன்றிமணி. அது மரத்தில் காய்ப்பதன்று; கொடியில் காய்ப்பது. அதனுள் இருக்கும் ஏப்ரின் என்னும் நஞ்சு மிகக் கொடியது. விதை உடைந்தோ மெல்லப்பட்டோ வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பழைய பெட்டிகளில் பாட்டி சேர்த்து வைத்த மணிகளிலும், பிள்ளையார் சிலைக்குக் கண்ணாக ஒட்டியவற்றிலும் குன்றிமணி இருக்கும். அவற்றைப் பிள்ளைகள் இருக்கும் அறையிலேயே வைக்காதீர்கள். பிள்ளை ஒன்றை மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், விதையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் விதை, சோழி, புளியங்கொட்டை, கோலிக்குண்டு எதுவுமே வேண்டாம். பெரிய துணிப் பொத்தான்களையோ பின்னிய சிறு பந்துகளையோ காயாக வைத்துக்கொள்ளலாம்.

பரணில் இருந்த பழைய தகரக் காரைப் பிள்ளையிடம் விளையாடக் கொடுக்கலாமா?

காட்டலாம், கொடுக்க வேண்டாம். பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவே 1978-இல்தான் பொம்மைகளில் அதைத் தடை செய்தது. பூச்சில் ஈயம் இருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. உதிரும் பூச்சு விரலில் ஒட்டி வாய்க்குப் போனால், சிறு அளவே ஆனாலும் வளரும் மூளையைப் பாதிக்கும். துருப்பிடித்த விளிம்பும், ஒழுகிய பேட்டரியும் தனி ஆபத்துகள். அகன்ற கண்ணாடிச் சாடியில் வைத்து மூடினால் நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். சாவி கொடுத்தால் ஓடும் வகையாக இருந்தால் பெரியவர் சாவி கொடுத்து ஓடவிட்டு, 'உள்ளே சுருண்டிருக்கும் வில் விரியும்போது சக்கரம் சுழல்கிறது' என்று சொல்லலாம்.

கைக்குத் தர, அதே இயக்கமுள்ள புதிய பொருள் ஒன்றை வாங்கி வையுங்கள். மலேசியாவில் விற்கும் பொம்மைகளில் பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் எம்.சி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சுக்குழலை அடைக்கக்கூடிய சிறு பாகங்களைக் கண்டறிய, பொம்மைச் சோதனைக்கூடங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் கழிப்பறைத் தாள் சுருளின் நடுக்குழாயே போதும். அதனுள் நுழையும் எதையும் மூன்று வயதுக்குட்பட்டவரிடம் தரக் கூடாது.

தாத்தா ஒருவரை வகுப்புக்கு அழைத்தோம். அவர் பேசப் பேசப் பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டார்கள். என்ன செய்வது?

நாற்காலி போட்டு உட்கார வைத்து 'பேசுங்கள் ஐயா' என்று சொன்னால் எந்தப் பெரியவரும் சொற்பொழிவுதான் ஆற்றுவார். அவரைப் பாயில் உட்காரச் சொல்லி, கையில் பம்பரத்தையும் சாட்டையையும் கொடுத்துவிடுங்கள். ஆணியில் தொடங்கி, ஒரு சுற்றோடு ஒரு சுற்று ஒட்டியபடி அவர் கயிற்றை மேலே ஏற்றிச் சுற்றும்போது, பிள்ளைகள் தாமாக நெருங்கி வருவார்கள். இறுக்கிச் சுற்றுவதற்கும் தளர்த்திச் சுற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் விரலே காட்டும். விட்டெறிந்து கயிற்றை வெடுக்கென்று இழுத்ததும் பம்பரம் முதலில் தடுமாறி, பிறகு நிமிர்ந்து, அசையாமல் நிற்பதுபோல் சுழலும். 'தூங்குது' என்பார் தாத்தா. ஆணி மழுங்கிய பம்பரமாக இருந்தால் அதைத் தம் உள்ளங்கையில் ஏற்றிக் காட்டுவார். துணிச்சலுள்ள ஒரு பிள்ளை தன் கையையும் நீட்டும். 'கூசுது தாத்தா!' என்று ஒரு குரல் கேட்ட பிறகு அந்த வகுப்பில் யாரும் எழுந்து ஓடுவதில்லை.

கேள்வி கேட்கப் பிள்ளைகளை முன்கூட்டியே பழக்குங்கள். 'தாத்தா, இது உடைஞ்சா என்ன செய்வீங்க?', 'யாரு செஞ்சு கொடுத்தா?', 'அடிபட்டிருக்கா?' போன்றவை நல்ல கேள்விகள். 'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்பது பெரியவரையே திணறடிக்கும் கேள்வி. நேரம் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிறகு, கூர்மையான ஆணி இல்லாத, விரலால் திருகிச் சுற்றும் சிறு பம்பரங்களைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கிளந்தானில் பெரியவர்கள் சுழற்றும் காசிங் என்னும் மலாய்ப் பம்பரம் சுமார் 5 கிலோ எடையிருக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேலும் சுழலும் என்ற செய்தியை இந்த இடத்தில் சொன்னால் அவர்கள் கண்கள் விரியும். தொடக்கத்தில் சொன்னால் காதில் ஏறாது.

அந்தக் காலத்து விளையாட்டே உயர்ந்தது என்று சொல்லி வளர்க்கலாமா?

வேண்டாம். அது உண்மையும் இல்லை, பிள்ளையிடம் எடுபடவும் செய்யாது. தாத்தா பால் டின்னில் தேர் செய்தது கைத்திறன் என்பது எவ்வளவு உண்மையோ, வாங்கக் காசில்லை என்பதும் அவ்வளவு உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1941 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் காலத்தில் அரிசிக்கே திண்டாடி மரவள்ளிக்கிழங்கு தின்ற குடும்பங்களில் பொம்மை என்பது சுருட்டிக் கட்டிய கந்தல் துணிதான். ஆறு வயதுப் பிள்ளையிடம், 'கொள்ளுப்பாட்டிக்குக் கடையில் பொம்மை வாங்க முடியவில்லை. அதனால் அவருடைய அம்மா பழைய சேலைத் துண்டில் கட்டிக் கொடுத்தார்' என்ற அளவில் சொல்லலாம். போரின் மற்றக் கொடுமைகளுக்கு இது வயதில்லை. பிள்ளை 'பாவம்' என்று சொன்னால் மறுக்காதீர்கள். அடுத்து, தானும் ஒரு துணிப்பொம்மை கட்ட வேண்டும் என்று கேட்டால் கத்தரிக்கோலை எடுங்கள்.

பம்பரம் ஆண் பிள்ளைக்கு, சொப்புச் சாமான் பெண் பிள்ளைக்கு என்று பிரிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பிள்ளைத்தமிழ் இலக்கியத்திலேயே சிறுபறையும் சிறுதேரும் ஆண்பாலுக்கு, கழங்கும் அம்மானையும் ஊசலும் பெண்பாலுக்கு என்று பிரித்திருந்தார்கள் என்பது வரலாறு. இன்று எல்லாமே எல்லாருக்கும்.

தஞ்சாவூர்ப் பொம்மை, மரப்பாச்சி போன்றவற்றை இங்குள்ள பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

தாராளமாகக் காட்டலாம். நவராத்திரிக் கொலு வைக்கும் வீடு அருகில் இருந்தால் அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. மரப்பாச்சி ஆணும் பெண்ணுமாகச் சோடியாக இருக்கும். செம்மரத்திலோ அதைப் போன்ற கெட்டி மரத்திலோ கடைந்தது. முற்காலத்தில் குழந்தை கடித்தாலும் நல்லது என்று கொடுத்தார்கள். இப்போது மெருகெண்ணெயும் வண்ணமும் பூசி விற்பதால் வாயில் வைக்க விடாதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைத் தள்ளிவிட்டால் எழுந்து நிற்கும். அதன் அடிப்பகுதி உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதே காரணம்.

இதை வீட்டிலேயே செய்து காட்டலாம். முட்டையின் கூர்முனையில் சிறு துளையிட்டு உள்ளே உள்ளதை வடித்து, ஓட்டை வெந்நீரில் கழுவிக் காய வையுங்கள். களிமண் உருண்டை ஒன்றைத் துளைவழியே இட்டு, குச்சியால் அடியில் நன்றாகப் படியும்படி அழுத்துங்கள். துளையின்மேல் காகிதத் தொப்பி ஒட்டி, முகம் வரைந்தால் முடிந்தது. களிமண் இல்லாத வெற்று ஓடு ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் ஒன்று எழுகிறது, ஒன்று கிடக்கிறது என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும்.

இன்னும் பழங்காலத்தைப் பற்றிச் சொல்லலாமா? சங்க காலம், கீழடி போன்றவை?

ஆறு வயதுக்கு அருகில் வந்த பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லலாம். பட்டினப்பாலையில் அழகான காட்சி ஒன்று வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் வாசலில் காயும் தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்ட, ஒரு பெண் தன் காதுக்குழையைக் கழற்றி எறிகிறாள். குதிரை இல்லாமல் சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை அந்தக் குழை மறித்துக் கிடக்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமையான அந்தத் தேரும், நடை பழக இன்றும் கொடுக்கும் மூன்று சக்கர நடைவண்டியும் பிள்ளையின் கண்ணில் ஒன்றாகவே தெரியும்.

கீழடி அகழாய்வில் தாயக்கட்டைகளும் ஆட்டக்காய்களும், பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் கிடைத்துள்ளன. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட சிந்துவெளி நகரங்களில் சுடுமண் வண்டிகளும் பறவை வடிவ ஊதல்களும் கிடைத்துள்ளன. இந்த எண்களைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். களிமண்ணைக் கொடுத்து ஒரு வண்டி செய்யச் சொல்லிவிட்டு, 'பாட்டிக்குப் பாட்டிக்குப் பாட்டி காலத்திலும் ஒரு பிள்ளை இதே மாதிரி செய்து விளையாடியிருக்கிறது' என்று சொன்னால் போதும்.

எங்கள் தலைமுறையின் பொருள்கள் 'பழையவை' ஆகுமா?

பிள்ளையைப் பொறுத்தவரை நிச்சயமாக ஆகும். 1974-இல் எர்னோ ரூபிக் உருவாக்கிய கனசதுரம், 1996-இல் ஜப்பானில் வந்த தமகோச்சி எல்லாம் அவர்களுக்குத் தொல்பொருள்தான். தமகோச்சியில் உள்ள பட்டன் பேட்டரி விழுங்கப்பட்டால் உணவுக்குழலை அரித்துவிடும் என்பதால் அதைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். லெகோ கட்டைகள் இந்த விஷயத்தில் தனிச் சிறப்பு உடையவை. 1958-இல் காப்புரிமைக்குப் பதிவான அதே பொருத்து முறை இன்றும் தொடர்வதால், அப்பா விளையாடிய கட்டையும் மகள் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும்.

பினாங்குக்காரர்களுக்கு மேலும் ஒன்று உண்டு. 1968-இல் அமெரிக்காவில் அறிமுகமான ஹாட் வீல்ஸ் சிறு கார்களில் பெரும் பகுதி, பல பத்தாண்டுகளாகப் பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் இருக்கும் பிறை என்னும் ஊரில் உள்ள ஆலையில்தான் தயாராகிறது. காரைத் திருப்பி அடியில் 'மலேசியா' என்று பொறித்திருப்பதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். பாலத்தைத் தாண்டும்போது, 'உன் கார் செய்யும் ஊர் அந்தப் பக்கம்' என்று கை காட்டலாம்.

எங்கே வாங்கலாம்?

கோலாலம்பூரில் பசார் செனி கட்டடத்திலுள்ள கைவினைக் கடைகளில் சொங்காக், காசிங், வாவ் கிடைக்கும். பினாங்கில் லோரோங் குலிட் பழைய பொருள் சந்தைக்குக் காலையிலேயே போனால் பழைய பொம்மைகளைப் பார்க்கலாம். வாங்கினால் மேலே சொன்ன ஈய எச்சரிக்கை நினைவிருக்கட்டும். லிட்டில் இந்தியாவில் நவராத்திரிக்கு முன்னும், தண்ணீர்மலையிலும் பத்துமலையிலும் தைப்பூசக் கடைகளிலும் தேடிப் பாருங்கள்.

பிள்ளை இரண்டு நிமிடத்தில் சலித்துக் கைப்பேசி கேட்கிறது. எங்கே தவறுகிறோம்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, ஒரே நாளில் ஏழெட்டுப் பொருள்களைப் பரப்பிவிடுகிறோம். ஒரு வாரத்துக்கு ஒரு பொருள் போதும். மற்றொன்று, பிள்ளையை விளையாட விட்டுவிட்டுப் பெரியவர் தம் கைப்பேசியைப் பார்க்கிறார். பழைய பொருள்கள் பெரும்பாலும் இன்னொரு ஆள் இருந்தால்தான் உயிர் பெறும். பல்லாங்குழிக்கு எதிரே ஒருவர் வேண்டும், டின் தொலைபேசிக்கு மறுமுனையில் ஒரு காது வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இடமில்லை என்பதும் தடையன்று. தாயமும் அஞ்சாங்கல்லும் ஒரு பாயின் பாதியில் அடங்கும். பட்டத்துக்கு மட்டும் திடலுக்குப் போக வேண்டும். மின்கம்பி இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை எதையாவது கற்றுக்கொண்டதா என்று எப்படி அறிவது?

'பாட்டி எதை வைத்து விளையாடினார், சொல்' என்று தேர்வு வைக்காதீர்கள். பிள்ளையின் வாயிலிருந்து தானாக வரும் கேள்விகளைக் கவனியுங்கள். 'இதை எதில் செய்திருக்காங்க?', 'பேட்டரி எங்கே?', 'பாட்டிக்கும் தம்பி இருந்தாரா, சண்டை போட்டாங்களா?' என்று கேட்டால், பொருளிலிருந்து மனிதருக்கும் காலத்துக்கும் அதன் எண்ணம் நகர்ந்திருக்கிறது. ஆசிரியர்கள் இக்கேள்விகளைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் வளர்ச்சி தெளிவாகத் தெரியும்.

பாட்டியின் பொருளைப் பிள்ளை உடைத்துவிட்டால்?

ஒரே ஒரு நினைவுப் பொருளாக இருந்தால் தொடக்கத்திலேயே கையில் தராமல், அதன் நகலைத் தருவதே முறை. கையில் தந்த பொருள் உடைந்தால் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். மரமாக இருந்தால் பசை போட்டு, பிள்ளையையே பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒட்டுங்கள். பசை காயும் நேரத்தில் பாட்டியிடம் தொலைபேசியில் பேசி, அவர் காலத்தில் பம்பரம் பிளந்தால் என்ன செய்தார்கள் என்று பிள்ளையே கேட்கட்டும்.